தம்பியின் டாக்டர்

காஞ்சிபுரம் காந்தி ரோடு பட்டுக்கடையில் ஒரு கல்யாண வீட்டாருக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது சுகாசினிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. தம்பி லோகேஸ்வரனால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லையாம். இடுப்பில் ஆணி அடித்த மாதிரி நோகிறதாம். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டானாம். சொல்லி முடிப்பதற்குள் அம்மா ரேணுகாம்பாள் அழுதுவிட்டாள். சுகாசினிக்கு முதலில் வந்தது பயம்தான். அடுத்து வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வரட்டும், இவனுக்கும் வரட்டும், அப்போதாவது இந்த வீட்டுக்குத் தெரியட்டும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதை அமுக்கிவிட்டு, அரக்கு நிறப் புடவையின் முந்தானையை எடுத்துக் கல்யாணப் பெண்ணின் தோளில் போட்டுக் காட்டினாள்.

சுகாசினிக்கு அந்த வலி பதின்மூன்று வருடமாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் தொடங்கியது. இடுப்புக்கும் கீழே, உட்காரும் இடத்தில், ஒரு வாரம் இடப்பக்கம், ஒரு வாரம் வலப்பக்கம் என்று மாறி மாறிப் பிடிக்கும். காலையில் முதுகு பலகை மாதிரி ஆகிவிடும். ஒருக்களித்துப் புரண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுவரோடு சுவராக நடந்து குளியலறைக்குப் போவாள். மதியத்துக்குள் அந்த வலி எங்கே போனது என்றே தெரியாது. அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. முகூர்த்த மாதங்களில், கூட்டம் அலைமோதும் கடையில் அலமாரிக்கும் புடவை விரிக்கும் மெத்தைக்கும் நடையாய் நடந்து புடவை எடுத்துப் போடும்போது அவள் நன்றாக இருப்பாள். ஆள் வராத நாளில் மெத்தையில் உட்கார்ந்தே இருந்தால் எழும்போது முகம் கோணும். வீட்டில் ஓய்வாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாவற்றிலும் மோசம்.

இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? லோகேஸ்வரன்தான் முதலில் அதைக் கேலியாக்கினான். அக்காவின் இடுப்புக்குக் காலண்டர் பார்க்கத் தெரியும், லீவு நாளில் மட்டும் நோகும் என்பான். அப்பா வீரபத்திரன் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள், ஆனால் தைல பாட்டிலை எடுத்து நீட்டிவிட்டு, பொம்பளைக்கு இடுப்பு நோகாமல் வேறு என்ன நோகும் என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

டாக்டர்களுக்கும் பஞ்சமில்லை. முதலில் பார்த்த எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார். மகள் பிறந்த பிறகு எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான் என்றார்கள். அதற்கும் நாலு வருடம் முன்பிருந்தே வலி இருக்கிறது என்று அவள் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. புத்தூர் கட்டு போட்டுப் பார்த்தாள். பெல்ட் கட்டிப் பார்த்தாள். பெண்கள் டாக்டர் ஒருவர் எடையைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர் அவள் கணவன் குமாரவேலை வெளியே அனுப்பிவிட்டு, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று மெல்லக் கேட்டார். 

லோகேஸ்வரன் விஷயத்தில் எல்லாம் வேறு மாதிரி நடந்தது. ஓரிக்கையில் அம்மா வீட்டுக்கு அவள் போய்ப் பார்த்தபோது, அவனுக்காகப் புதுக் கட்டிலும் கெட்டி மெத்தையும் வந்திருந்தன. அம்மா அவன் முதுகில் வெந்நீர்ப் பையை வைத்து, அது ஆறியதும் எடுத்து மாற்றி, விரல்களால் எலும்பு எலும்பாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் வந்து வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். சுகாசினி வாசற்படியில் நின்று அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டையில் புளித்துக்கொண்டு வந்தது. இந்தக் கை இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல், வாங்கிப்போன ஆப்பிள்களைக் கழுவி நறுக்கித் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆறு மாதத்துக்குள் அவன் வலிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஒரகடத்தில் அவன் வேலை பார்த்த கம்பெனியின் டாக்டர், இது எலும்பு டாக்டரிடம் போகிற வலி இல்லை, மூட்டு வாத நிபுணரிடம் போக வேண்டியது என்று சொல்லி, சென்னையில் டாக்டர் கிருஷ்ணவேணி என்பவரிடம் அனுப்பினார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இரண்டு முறை போய் வந்தான், அவ்வளவுதான். வாயில் நுழையாத ஒரு ஆங்கிலப் பெயரைச் சொன்னார்களாம். முதுகெலும்பு இடுப்போடு சேரும் மூட்டுகளில் உடம்பே தன்னைத் தானே தாக்கி வீக்கம் உண்டாக்குகிற நோய், பரம்பரையாகவும் வரும், மாத்திரையும் உடற்பயிற்சியும் தொடர்ந்தால் கட்டுக்குள் இருக்கும் என்றார்களாம். அம்மா அந்த டாக்டர் பெயரைச் சாமி பெயர் மாதிரிச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லோகேஸ்வரன் பைக்கில் சின்ன காஞ்சிபுரத்தில் அவள் வீட்டுக்கு வந்தான். பைக்கிலிருந்து அவன் இறங்கிய விதத்தை அவள் ஜன்னல் வழியே கவனித்தாள். காலை வீசி இறங்கினான்.

"மேடம் கேட்டாங்கக்கா, வீட்ல வேற யாருக்காச்சும் இருக்குதான்னு. எங்க அக்காவுக்கு ரொம்ப வருஷமா இருக்குதுன்னு சொன்னேன். இட்டுக்கினு வரச் சொன்னாங்க."

"உன் நோவு வேற, என் நோவு வேற லோகு."

"ஒண்ணுதாங்க்கா. காலைல எழுந்துக்க முடியல, நடந்தா சரியாவுது. நீ சொல்லிக்கினே இருந்ததுதான். நான்தான் சிரிச்சிக்கினு இருந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். அவள் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. அவனோடு போனால் அங்கே அவள் லோகேஸ்வரனின் அக்கா. அவன் வலி தலை, அவள் வலி அதன் வால். பதின்மூன்று வருடம் தனியாகச் சுமந்ததை, நேற்று வந்தவன் கண்டுபிடித்துக் கொடுத்தான் என்று ஊர் சொல்லும், அம்மா சொல்லுவாள். டீ போட்டுக் கொடுத்து, கடையில் லீவு கிடைக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதன்பிறகு அவளுக்கு ஒரு வெறி பிடித்தது. தன் டாக்டரைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். தம்பியின் டாக்டரைவிடப் பெரிய டாக்டராக இருக்க வேண்டும். குமாரவேல் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். பிள்ளைகளை இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு சொன்ன இடத்துக்கெல்லாம் போனான். வேலூர்ப் பக்கம் ஒரு முதுகெலும்பு அறுவை டாக்டர், டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, பார்க்கலாம் என்றார். சித்த வைத்தியர் ஒருவர் கஷாயம் கொடுத்தார். கழுத்தையும் இடுப்பையும் இழுத்துக் கட்டி எடை தொங்கவிடும் இடத்தில் பத்து நாள் படுத்தாள். அங்கிருந்து எழுந்தால் வலி கூடுதலாகத்தான் இருந்தது. ஒருநாள் குமாரவேல், பேசாமல் தம்பி டாக்டரையே ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றான். இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனும் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

நடுவில் லோகேஸ்வரனுக்கு மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி எடுக்கிறான், வலி திரும்பிவிட்டது என்று அம்மா போனில் புலம்பினாள். சுகாசினி அடடா என்றாள். அன்று கடையில் புடவை மடிக்கும்போது தான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பதை அவளே திடீரென்று கேட்டாள். கை அப்படியே நின்றது. கூடப் பிறந்தவன் வாந்தி எடுப்பதற்குப் பாடுகிறவளா நான் என்று நினைத்து, கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து அவன் தேறிவிட்டான் என்று அடுத்த வாரம் கேள்விப்பட்டபோது, நிம்மதியும் எரிச்சலும் சேர்ந்தேதான் வந்தன.

புரட்டாசியில் அவளுக்கு வலது கண் சிவந்தது. முன்பும் இரண்டு மூன்று முறை சிவந்திருக்கிறது. மெட்ராஸ் ஐ என்று மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வாள், போய்விடும். இந்த முறை கண்ணுக்குள் வலித்தது. வெளிச்சம் பட்டால் கூசியது. புடவையின் ஜரிகை மங்கலாகத் தெரிந்தது. கடைக்காரர் பயந்துபோய் அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவர் வசந்த் என்ற இளம் டாக்டர். கருவியின் வழியாக அவள் கண்ணை வெகுநேரம் பார்த்தார். இது ஒட்டுகிற கண் நோய் இல்லை, கண்ணுக்குள்ளே வீக்கம், தாமதித்தால் பார்வைக்கு ஆபத்து என்றார். பிறகு கருவியை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு இடுப்பு வலி இருக்குதாம்மா? காலைல எழுந்ததும் அதிகமா, நடமாடினா குறையற மாதிரி?"

 பதின்மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை ஒரு டாக்டர் கேட்டது அதுதான் முதல் முறை. இடுப்பைப் பற்றிக் கேட்டவர் கண் டாக்டர். ஆமாம் என்று தலையாட்டும்போதே சிவக்காத கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது.

கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, அவசியம் ஒரு மூட்டு வாத நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றார் வசந்த். காஞ்சிபுரத்தில் யார் என்று அவள் வரவேற்பில் கேட்டாள். ரயில்வே ரோடு பக்கம் ஒரு கிளினிக்குக்கு மாதம் இருமுறை சென்னையிலிருந்து ஒரு மேடம் வருகிறார், பெயர் கிருஷ்ணவேணி என்றாள் அங்கிருந்த பெண். வேறு யாரும் இல்லையா என்று கேட்டாள் சுகாசினி. இல்லை என்றாள் அவள்.

கண் அவளைப் பயமுறுத்தியிருந்தது. கண் போனால் புடவை காட்டும் வேலையும் போய்விடும். அதனால் போனாள். ஆனால் லோகேஸ்வரன் சென்னை ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறான் என்பதைச் சுற்றிவளைத்து விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே போனாள். குமாரவேலிடம் யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் கிருஷ்ணவேணி அவசரப்படாதவர். நரைத்த தலை, ஆண்கள் கட்டுகிற மாதிரிப் பெரிய கைக்கடிகாரம். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், விடியற்காலையில் வலி எழுப்பிவிடுமா, குதிகால் வலிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் தன் உடம்புக்குள் குடியிருந்த யாரோ கேட்பது போலிருந்தது சுகாசினிக்கு. கடைசியில் டாக்டர், அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டார்.

"யாருக்கும் இல்ல மேடம்" என்றாள் சுகாசினி.

சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் திருத்திக்கொள்ளவில்லை. இந்த ஒரு அறையிலாவது இந்த வலி தன்னுடையதாக மட்டும் இருக்கட்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எழுதிக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் சீட்டுக் கொடுத்தார்.

முடிவுகளை எடுத்துக்கொண்டு அவள் மறுபடி போன சனிக்கிழமை, கிளினிக்கின் நீல நாற்காலி வரிசையில் அம்மாவும் லோகேஸ்வரனும் உட்கார்ந்திருந்தார்கள். இரவு ஷிஃப்டிலிருந்து மாற்றித் தரச்சொல்லி அவனுக்குக் கம்பெனியில் காட்ட ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. சென்னைக்குப் போவானேன் என்று இங்கே வந்திருந்தான். சுகாசினி திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் அம்மா அவளைப் பார்த்துவிட்டாள்.

"நீ ஏம்மா கடையை உட்டுட்டு வந்துக்கினு? தம்பிக்கு காட்ட வந்துருக்கோம்னு யார் சொன்னாங்க உனக்கு?"

அம்மா அதை அன்பாகத்தான் சொன்னாள். நகர்ந்து பக்கத்து நாற்காலியைக் காலி செய்தாள். சுகாசினிக்குக் காது மடல்கள் சுட்டன. ஸ்கேன் படம் இருந்த பெரிய கவரைப் புடவைக்குப் பின்னால் மறைத்தாள். அப்போது நர்ஸ் கதவைத் திறந்து, சுகாசினி குமாரவேல் யார் என்று கேட்டாள்.

அம்மா நர்ஸையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். லோகேஸ்வரனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவன் எழுந்து அவள் கையிலிருந்த கவரை வாங்கிக்கொண்டு, அவள் வேண்டாம் என்பதற்குள் கூடவே உள்ளே நுழைந்தான்.

டாக்டர் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். லோகேஸ்வரன், இவங்க என் அக்கா என்றான். கூடப் பிறந்தவர்கள் யாருக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறதே என்று டாக்டர் தன் தாளைப் பார்த்துக்கொண்டு கேட்டார். சுகாசினி மேசையின் விளிம்பைப் பார்த்தாள்.

"எனக்கு வந்தது அக்காவுக்குத் தெரியாது மேடம். நாங்க சொல்லல" என்றான் லோகேஸ்வரன்.

அக்காவை அழைத்துவரச் சொன்னதே டாக்டர்தான். அவர் அவனையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். தாளில் எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினார். சுகாசினிக்கோ நன்றி வருவதற்குப் பதில் ஆத்திரம் வந்தது. பொய் சொன்னது அவள், அதிலும் நல்லவனாகிவிட்டவன் அவன்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் செருகினார். இருவருக்கும் ஒரே நோய் என்றார். இடப்பக்க மூட்டைத் தொட்டுக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய கோடு அங்கே இல்லை. அவை ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

"இது நேத்து வந்தது இல்லம்மா. பத்து வருஷத்துக்கு மேல ஆயிருக்கும். இவ்வளவு நாள் இதை வெச்சுக்கிட்டு எப்படி வேலை பாத்தீங்க?"

சுகாசினியின் உடம்பெல்லாம் ஒரு வெப்பம் பரவியது. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. தம்பியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள், கேட்டாயா என்பது போல. பிறகு, அவனுக்கு எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டாள். அவருக்கு ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், ஒட்டவில்லை என்றார் டாக்டர். அவளுக்கு ஒட்டியது ஒட்டியதுதான், அதைப் பிரிக்க முடியாது. இனி மற்ற மூட்டுகள் ஒட்டாமலும் கண் கெடாமலும் காக்கலாம். வலி நிச்சயம் குறையும். தம்பிக்கு மாத்திரை போதும், அவளுக்கு ஊசியும் வேண்டியிருக்கும். ஜெயித்த வெப்பம் அப்படியே ஆறிப்போயிற்று. வலியின் அளவில்தான் அவள் ஜெயித்திருந்தாள்.

வெளியே வந்து அவள் நேராகப் படியிறங்கி, குமாரவேலின் வேனில் ஏறிவிட்டாள். அம்மா கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

மறுநாள் ஞாயிறு. விடிந்தும் விடியாமலும் அம்மா முதல் பஸ்ஸில் வந்து கதவைத் தட்டினாள். குமாரவேல் திறந்தான். சுகாசினி அப்போதுதான் எழ முயன்றுகொண்டிருந்தாள். அம்மா அறை வாசலில் நின்றுவிட்டாள். மகள் ஒருக்களிப்பதையும், பல்லைக் கடிப்பதையும், சட்டத்தைப் பிடிப்பதையும், கால் தரையில் பட்டதும் கண்ணை மூடுவதையும் பார்த்தாள். கல்யாணமான பிறகு அவள் எழுவதை அம்மா இப்படி நின்று பார்த்ததே இல்லை.

சுகாசினி அம்மாவிடம் கேட்க எத்தனையோ வாக்கியங்களை வருடக்கணக்கில் தயார் செய்து வைத்திருந்தாள். எல்லாம் கூர்மையானவை. வாயில் வந்தது வேறு.

"நான் ஏமாத்தறேன்னு நெனச்சியாம்மா?"

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏமாத்தறேன்னு இல்ல. கொஞ்சத்தைப் பெருசா சொல்றேன்னு நெனச்சேன். நீ எழுந்து வேலைக்குப் போய்க்கினு இருந்த. சமாளிச்சுக்கிற பொண்ணுன்னு உட்டுட்டேன். அவன் படுத்துட்டான், பயந்துட்டேன்."

"நானும் படுத்துருந்தா?"

அம்மா எழுந்து போய் வெந்நீர் வைத்தாள். சமாதானமாக எதையும் இட்டுக்கட்டிச் சொல்லாததே சுகாசினிக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. அம்மா அன்று மாலை வரை இருந்தாள். பேத்திக்குத் தலை பின்னினாள், மீன் குழம்பு வைத்தாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, சுகாசினியும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கிளம்பும்போது, அடுத்த முறை டாக்டரிடம் உன்னோடு நான் வருகிறேன் என்றாள். தம்பியின் தேதி அதே நாளாக இருந்தால் என்று சுகாசினி கேட்டாள். அவன் தனியாகப் போவான் என்றாள் அம்மா. அந்தப் பதில் சுகாசினிக்கு எவ்வளவு இனித்தது என்பதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஊசி தொடங்கி, பொங்கல் கழிந்த பிறகு காலைகள் மாறின. ஒரேயடியாக இல்லை. ஒருநாள் பால்காரர் மணியடித்ததும் சட்டத்தைப் பிடிக்காமலே எழுந்து போய்ப் பாத்திரத்தை நீட்டிவிட்டாள், பாதி வழி திரும்பிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. டாக்டர் உடற்பயிற்சியைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லோகேஸ்வரன் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் வீடியோ காலில் வந்துவிடுவான். இருவரும் பாயை விரித்துச் சேர்ந்து செய்வார்கள். அவன் சுலபமாக வளைவதைப் பார்க்கப் பொறுக்காமல் முதல் வாரம் அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. பிறகு நிமிர்த்தி வைத்தாள்.

மாசி மாத மறுபரிசோதனைக்கு அம்மாவோடு போனாள். முட்டியை மடக்காமல் குனிந்து விரல் நுனியால் தரையைத் தொட முயலச் சொல்லி, மிச்சமிருந்த தூரத்தை டாக்டர் டேப்பால் அளந்தார். நன்றாகக் குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். தம்பிக்கு எவ்வளவு என்று கேட்டாள் சுகாசினி. அவருடையது உங்களுக்கு எதற்கு, உங்கள் பழைய அளவோடு பாருங்கள் என்று டாக்டர் சிரித்துவிட்டார்.

கிளினிக்குக்கு வெளியே, ஆட்டோக்களின் ஹாரனுக்கு நடுவில், அம்மா மருந்துக்கடை வரிசையில் நின்றபோது அவள் லோகேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

"குனிஞ்சா உனக்கு எவ்ளோ மிச்சம் இருக்குது? பொய் சொல்லாம சொல்லு."

"தொட்டுட்டேங்க்கா. போன வாரம்."

வயிற்றுக்குள் பழைய புளிப்பு குபுக்கென்று ஏறியது. அவள் அதை விழுங்கவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டாள்.

"நாளைக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே கூப்புடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.